ஜோர்டானுக்குப் போகாத பெட்டி

"உட்கார்ந்து நிதானமாகச் சாட்சி சொல்லுங்கள் சிஸ்டர்" என்றார் போதகர். எனக்கு உட்கார்ந்தால் பேச்சு வராது. இந்தச் சபையில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை. ஆராதனை நடுவில் எழுந்து எழுந்து வெளியே போய் வருகிறவள் யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட என்னைத்தான் கைகாட்டும். அதனால் நின்றுகொண்டே சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ரூபி. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கல்யாணமான கையோடு என் வீட்டுக்காரர் செல்வினோடு திருப்பூருக்கு வந்தவள். அவர் கட்டிங் மாஸ்டர். நான் செக்கிங் சூப்பர்வைசர். இரண்டு பேருக்கும் ஒரே பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி, ஒரே கம்பெனி வேன். ஒரே மகள் ஷெரின், ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

போன ஆகஸ்ட் மாதம் அந்த வேன் நின்றது. வெளிநாட்டு ஆர்டர் வரவில்லை என்று முதலில் ஓவர்டைம் போனது. பிறகு பாதித் தையல் லைன் போனது. ஒரு திங்கட்கிழமை மேனேஜர் எல்லோரையும் கேன்டீனுக்கு வரச் சொல்லி, "ஆர்டர் வந்ததும் கூப்பிடறோங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். பாவம், அவர் வேலையும் அன்றைக்கே போனது. மறுநாள் காலை நான் வழக்கம் போலச் சோறு கட்டி, தலை வாரி, செருப்பு மாட்டித் தெருமுனை வரைக்கும் போய்விட்டேன். மற்ற கம்பெனி வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. நான் டிபன் பாக்ஸோடு திரும்பி வந்தேன். வாசலில் செல்வின் நின்றுகொண்டிருந்தார். டிபன் பாக்ஸைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஒரு வாரம் அழுதேன். அழுதுகொண்டே இருக்க என்னால் ஆகாது. எனக்கு ஏதாவது ஒன்று செய்துகொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் மண்டை வெடித்துவிடும். வேறு கம்பெனிகளில் போய்க் கேட்டோம். எங்களைப் போலவே கேட்க வந்தவர்கள் கேட் வரைக்கும் நின்றார்கள். சரி, முழு வேலை ஒன்று கிடைக்காவிட்டால் அரை வேலை நாலு பார்ப்போம் என்று இறங்கினேன்.

விடிந்ததும் பனியன் மூட்டை வந்து இறங்கும், வீட்டிலேயே உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக் கொடுப்பேன். பத்து மணிக்குக் காதர்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடை. அங்கே பண்டல் பிரிக்கிறது, மடிக்கிறது, வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறது. சாயங்காலம் மூன்றாவது வேலை. அது எனக்கு நானே கண்டுபிடித்தது. செக்கிங் டேபிளில் என்னோடு நின்ற ஒடிசா, பீகார் பிள்ளைகளிடம் சண்டை போட்டுச் சண்டை போட்டே இந்தி கற்றுக்கொண்டவள் நான். வடநாட்டு வியாபாரிகளுக்குப் போனில் லைவ் போட்டுச் சரக்கைக் காட்ட ஆள் வேண்டும் என்று கடைக்காரர்கள் தேடினார்கள். துணியை இழுத்துக் காட்டி, தையலைத் திருப்பிக் காட்டி, "தீதி, தேக்கோ", அதாவது அக்கா, பாருங்க, என்று ஆரம்பித்தால் எனக்கு வாய் ஓயாது. இன்றைக்கு ஒரு கடை, நாளைக்கு ஒரு கடை. யார் கூப்பிட்டாலும் போவேன்.

அவரும் சும்மா இல்லை. சின்னச் சின்ன யூனிட்களில் கட்டிங் இருந்தால் போவார். இல்லாத நேரத்தில் பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பார். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே பார்த்துக்கொள்வது படிக்கட்டில்தான். ஒருவர் ஏறுவோம், ஒருவர் இறங்குவோம்.

ஜெபம்? முழங்கால் போட எனக்கு எங்கே நேரம்! டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பேன். கர்த்தாவே என்று தொடங்கும்போது ஸ்டாப் வந்துவிடும், பாதி ஜெபத்தை வைத்துவிட்டு இறங்கி ஓடுவேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து நின்றாலும் மனசு மூட்டையில் இருக்கும். கையில் போன் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் மறுபடியும் போட்டுவிட்டேன். ஷெரின் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டாள்.

இந்த நேரத்தில்தான் ஜோர்டான் பேச்சு வந்தது. அங்கே பனியன் கம்பெனிகள் இருக்கின்றன, நம்ம ஆட்கள் நிறையப் பேர் போயிருக்கிறார்கள். கட்டிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், மூன்று வருஷம், நடுவில் ஊருக்கு வர முடியாது என்று ஏஜென்ட் சொன்னார். செல்வின் என்னிடம் கேட்காமலே சரி சொல்லிவிட்டு வந்தார்.

"யாரக் கேட்டுச் சரின்னிய?" என்றேன்.

"கேட்டா நீ விடவா போற? அதான் கேக்கல" என்றார்.

"மூணு வருசம்! உங்க மவ பெரிய பிள்ளையாயிருவா. வந்து நிக்கையில யாருன்னு கேப்பா."

"இப்பம் மட்டும் என்னத்தப் பாக்கேன் அவள? நான் வரும்போது உறங்குதா, போகும்போது உறங்குதா. அங்க போனா நீயாவது ஒரு வேலையோட இருக்கலாம்லா. உன் காலப் பாத்தியாட்டி? வீங்கிக் கெடக்கு."

என் காலுக்காகப் போகிறேன் என்கிற மனுஷனிடம் எப்படிச் சண்டை போடுவது? மெடிக்கல் முடிந்தது. பாஸ்போர்ட் ஏஜென்டிடம் போனது. ஒரு பெரிய சிவப்புப் பெட்டி வீட்டுக்கு வந்து கட்டிலோரம் நின்றது. ஷெரின் அதன் மேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். இறங்கு என்றால் இறங்க மாட்டாள். அவள் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

சபையில் ஒரு அக்கா, பேர் சொல்ல மாட்டேன், இங்கேதான் இருக்கிறார்கள், சிரிக்கிறார்கள் பாருங்கள், "இஸ்ரவேலருக்கும் யோர்தான் ஆற்றைக் கடந்த பிறகுதானே கானான் தேசம் கிடைத்தது ரூபி" என்று ஆறுதல் சொன்னார்கள். "அவங்க எல்லாரும் குடும்பத்தோட கடந்தாங்கக்கா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என் ஜெபம் ஒற்றை வரியாகிவிட்டது. ஆண்டவரே, அந்தப் பெட்டி காலியாகவே இருக்கட்டும். பஸ்ஸில் அதே, பிசிறு வெட்டும்போது அதே.

கோமதியக்காவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். காதர்பேட்டையில் அவர்களுக்குச் சின்னக் கடை, ராயபுரத்தில் வீட்டுக்குப் பின்னால் சின்ன யூனிட். லெக்கிங்ஸ் மட்டும் தைப்பார்கள். நெசவாளர் குடும்பம், முருக பக்தை. நான் லைவ் போட்டுக் கொடுக்கும் கடைகளில் அவர்களுடையதும் ஒன்று. ஒரு நாள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். பாட்னா வியாபாரிக்கு அவசர ஆர்டர், கட்டிங் ஆள் ஊருக்குப் போனவன் வரவில்லை. "என் வீட்டுக்காரர் இருக்காரே அக்கா" என்றேன். மறுநாள் காலையிலேயே செல்வின் அங்கே கத்தரியோடு நின்றார்.

அந்தத் துணி லைக்ரா. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இறுக்கிச் சுற்றின ரோலாக வரும். வந்ததும் பிரித்து, டேபிளில் தளரப் போட்டு, ஒரு நாள் படுக்க விட வேண்டும். இழுபட்டது எல்லாம் சுருங்கி அடங்கின பிறகுதான் வெட்ட வேண்டும். திருப்பூரில் கட்டிங் டேபிள் பக்கம் நின்ற யாருக்கும் இது தெரியும். செல்வின் ரோலைத் தொட்டுப் பார்த்தார்.

"அக்கா, இது இன்னைக்கு வெட்டப்பிடாது. நாளைக்கு வரைக்கும் படுத்துக் கெடக்கட்டும்."

"அய்யோ மாஸ்டர், லாரிக்குப் போகோணுங்க. பாட்னாக்காரரு நிமிசத்துக்கு நிமிசம் போன் பண்றாரு. ஒரு நாளு படுக்கலீனா ஒண்ணும் ஆயிராதுங்க, வெட்டிப் போடுங்க."

எனக்குப் பத்து மணிக் கடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "துணி படுத்துக் கெடந்தா நாமளும் கூடப் படுத்துக் கெடக்கவா? வெட்டுங்க" என்று நானும் சேர்ந்து கத்தினேன். அவருக்கும் மத்தியானத்துக்கு மேல் பார்சல் எடுக்க வேண்டியிருந்தது. மூன்று பேருக்கும் மூன்று அவசரம். அவர் வெட்டினார்.

மூன்று நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, கோமதியக்கா போன் செய்தார்கள். "ரூபி, கொஞ்சம் வந்துட்டுப் போ கண்ணு" என்றார்கள். குரலே சரியில்லை. கடையில் சொல்லிவிட்டு ஓடினேன். யூனிட்டில் தைத்து அயர்ன் போட்ட லெக்கிங்ஸ் மலை போலக் குவிந்திருந்தது. செல்வின் ஒன்றை அளவு டேப்போடு கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. தைக்கத் தைக்க, இஸ்திரிச் சூடு படப் படத் துணி தன் பாட்டுக்குச் சுருங்கியிருந்தது. கணுக்காலைத் தொட வேண்டியது மூன்று விரல் மேலேயே நின்றது. எல்லாமே அப்படித்தான்.

கோமதியக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசி மனசு ஆறியிருப்பேன். தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். செல்வின்தான் பேசினார். "அக்கா, வெட்டினவன் நான். வியாழக்கிழமை மெட்ராஸுக்குப் போயி கையெழுத்துப் போட்டு அங்கயே தங்கிட்டா, அடுத்த வாரம் பிளைட்டு. ஜோர்டான் சம்பளத்துல மொதல்ல உங்க துணிக்குத்தான் அனுப்புவேன்."

எனக்கு உயிரே போனது. இத்தனை நாளும் போவாரோ மாட்டாரோ என்று இருந்தது. இப்போது போயே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. பெட்டி காலியாக இருக்கட்டும் என்று நான் கேட்டேன், கர்த்தர் அதை நிரப்பிப் பூட்டுப் போட்டுக் கையில் கொடுத்தது போல இருந்தது.

அவர் பார்சல் வேலைக்குப் போனார். போகாமல் என்ன செய்ய? கோமதியக்கா எழுந்து, சுவரில் இருந்த முருகன் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றினார்கள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ உன்ற சாமியக் கேளு கண்ணு. நா என்ற சாமியக் கேக்கறேன். ஆரு கேட்டாலும் செரி."

அன்றைக்கு நான் உட்கார்ந்தேன். எனக்கே ஆச்சரியம். அந்தக் குவியலில் சாய்ந்துகொண்டு, காலை மடக்கி, தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். போன் அதிர்ந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அதிர்ந்தது, புரட்டிப் போட்டேன். என்ன கேட்பது என்று ஒன்றும் வரவில்லை. வார்த்தை எல்லாம் தீர்ந்து போயிருந்தது. "முடியல ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன். மத்தியான வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எங்கேயும் ஓட வேண்டும் என்று தோன்றாமல் இருந்த நேரம் அது.

குனிந்த தலையோடு கண்ணைத் திறந்தேன். முன்னால் இருந்தது என் கணுக்கால்.

என்னைப் பார்க்கிறீர்கள் அல்லவா? நான் குட்டை. பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு அதுதான் பட்டப்பெயர். செல்வின்கூடக் கோபம் வந்தால் "ஏ அரைப்படி" என்பார். கடையில் எந்த லெக்கிங்ஸ் வாங்கினாலும் எனக்குக் காலடியில் வந்து சுருண்டு கிடக்கும். அதனால் கீழே உள்ளே மடித்து நானே ஒரு தையல் போட்டுக்கொள்வேன். அன்றைக்குப் போட்டிருந்ததிலும் அந்த மடிப்பு இருந்தது. மடிப்பைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று விரல் இருந்தது.

குவியலில் ஒன்றை உருவிக்கொண்டு உள் அறைக்கு ஓடிப்போய்ப் போட்டுப் பார்த்தேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு லெக்கிங்ஸ் எனக்குக் கணுக்காலில் சரியாக வந்து நின்றது. மடிக்கவில்லை, தைக்கவில்லை. எனக்காகவே வெட்டினது போல!

"அக்கா! இங்க பாருங்க!" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தேன். கோமதியக்கா விளக்குத் திரியை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். மேலும் கீழும் பார்த்தார்கள். "ஏம்புள்ள, உனக்கு அளவெடுத்துத் தெச்சாப்பலயே இருக்குது!" என்றார்கள். சொல்லி முடிக்கும் முன்னாலேயே இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. உலகத்தில் நான் ஒருத்திதானா குட்டை?

உடனே லைவ் போட்டேன். ஒளிக்கவில்லை. டேப்பை வைத்து நீளத்தைக் காட்டினேன். "தீதி, இது நீளம் குறைச்சல். உயரமான பெண்களுக்கு ஆகாது, வாங்காதீங்க. என்னை மாதிரிக் குட்டையான பெண்களுக்கு மட்டும்தான்" என்று இந்தியில் சொல்லி, போனைக் கோமதியக்கா கையில் கொடுத்து, நான் நடந்து காட்டினேன். திரும்பிக் காட்டினேன். வெட்கம் எல்லாம் பார்க்கவில்லை. முதலில் ஒருத்தர் பத்து பீஸ் கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் இல்லை. நான் இன்னொரு தடவை நடந்து காட்டினேன். அப்புறம் கௌஹாத்தியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார்கள். துணிக்கடை வைத்திருக்கிறார்களாம். "என் கடைக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் உன்னைப் போலத்தான் இருப்பார்கள். நானே உன்னைப் போலத்தான். எல்லாம் நீளமாக வருகிறது, நாங்கள் வெட்டித் தைக்கிறோம். இருப்பதை எல்லாம் அனுப்பு" என்றார்கள்.

எல்லாம்! கோமதியக்கா முருகா என்றார்கள், நான் அல்லேலூயா என்றேன். பாட்னா வியாபாரி கொஞ்சம் கத்திவிட்டு, வேறு துணி வெட்டி அனுப்ப நாலு நாள் தவணை கொடுத்தார்.

ஆனால் இதோடு என் சாட்சி முடியவில்லை. கோமதியக்காவின் துணி தப்பியது. என் பெட்டி? செல்வின் ஏஜென்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். புதன்கிழமை சட்டைகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். நான் சமையல்கட்டில் நின்று கர்த்தரோடு சண்டை போட்டேன். அவங்க சாமி அவங்களுக்குச் செஞ்சுட்டார், நீங்க எனக்கு என்ன செஞ்சீங்க என்று கேட்டேன். அப்படியே கேட்டேன், ஒளிக்கவில்லை. அவர் என் வாயைத் தெரிந்தவர், பொறுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை. ஆட்டோ வந்து ஹாரன் அடிக்கிறது. ஷெரின் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறாள். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன். செல்வின் அவளைத் தூக்கவும் முடியாமல், திட்டவும் முடியாமல் நிற்கிறார். அப்போது கோமதியக்கா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்கள். படியேறி ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"மாஸ்டர், போயிராதீங்க. கௌஹாத்தி அம்மா காலைல கூப்பிட்டாங்க. இதே நீளத்துல மாசாமாசம் வேணுமாமா. கலரு கலராக் கேக்கறாங்க. எனக்கு ஆளு வேணும்."

"கட்டிங் ஆள் எத்தனையோ பேரு இருக்காங்களே அக்கா" என்றார் இவர்.

"இருக்கறானுக. நா வெட்டுன்னா வெட்டற ஆளு. எனக்கு அது வேண்டாங்க. நானே வந்து கத்துனாலும், இன்னிக்கி வெட்ட மாட்டேன், துணி படுக்கட்டும்னு சொல்ற ஆளு வேணும். ஜோர்டான்ல குடுக்கற சம்பளம் என்னால ஆவாதுங்க. ஆனா உங்க ஊட்டுல நீங்க சாப்பிட்டுப் போட்டு வரலாம்."

கையில் விபூதிப் பொட்டலம் வைத்திருந்தார்கள், கொடுத்தார்கள். செல்வின் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்காக என்னைக் கேள்வி கேட்காதீர்கள். அன்போடு கொடுத்ததை அன்போடு வாங்கினார், அவ்வளவுதான்.

அவர் என்னைப் பார்த்தார். "என்னட்டி சொல்லுத?"

எனக்கு ஆயிரம் சொல்ல இருந்தது. ஆனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன். இது அவர் சொல்ல வேண்டியது. ஆட்டோக்காரர் மறுபடியும் ஹாரன் அடித்தார். செல்வின் மகளுக்குப் பக்கத்தில், பெட்டியின் ஓரத்தில், இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஆட்டோவப் போகச் சொல்லு" என்றார். ஷெரின் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் வெளியே போய், ஆட்டோக்காரரைப் போகச் சொல்லிக் கையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஏஜென்ட் கோபப்பட்டார், பிறகு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். நாங்கள் இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறோம். பிசிறு வெட்டுவதை விட்டுவிட்டேன். காதர்பேட்டையும் லைவும் இருக்கிறது. சில மாதம் கையைக் கடிக்கிறது. பழைய கம்பெனி இன்னும் கூப்பிடவில்லை. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று இங்கே நின்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரிச் சோற்றுக்கு மூன்று தட்டு வைக்கிறேன். அந்தச் சிவப்புப் பெட்டியில் சாம்பிள் லெக்கிங்ஸ் அடுக்கி லைவுக்கு இழுத்துக்கொண்டு போகிறேன். அதன் சக்கரம் காதர்பேட்டையைத் தாண்டினதில்லை.

இன்னொன்றும் மாறிவிட்டது. புது ரோல் வந்து, பிரித்து டேபிளில் போட்டதும் செல்வின் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிடுவார். "ஒருத்தரும் தொடப்பிடாது, படுத்துக் கெடக்கட்டும்" என்பார். அந்த நேரத்தில் நான் போய் டேபிளுக்குப் பக்கத்தில் உட்காருவேன். போனை வெளியே கோமதியக்காவிடம் கொடுத்துவிடுவேன். துணி அடங்குகிற வரைக்கும் நானும் அடங்கி இருப்பேன். சில நாள் ஜெபம் வருகிறது. சில நாள் வெறுமனே உட்கார்ந்திருக்கிறேன். ஆண்டவருக்கு அதுவும் போதும் போல.

உங்களில் யார் வீட்டிலாவது கட்டிலோரம் ஒரு பெட்டி நின்றுகொண்டிருக்கலாம். தெருமுனையில் உங்கள் வேனும் நின்று போயிருக்கலாம். ஓடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஓடாமல் பிழைக்க முடியாது. ஓடுகிற ஓட்டத்தில் சொன்ன அரை ஜெபத்தைக்கூட அவர் கேட்டார் என்பதற்கு நானே சாட்சி. ஆனால் அவர் பதிலைக் காட்டினபோது நான் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு தடவை, முடியாவிட்டாலும், உட்கார்ந்து பாருங்கள்.

அவ்வளவுதான். செல்வின் கடைசி வரிசையிலிருந்து போதும் என்று கைகாட்டுகிறார், பக்கத்தில் ஷெரின் எனக்கு இடம் போட்டு வைத்திருக்கிறாள். எல்லாம் ஆண்டவர் செய்தது. நான் போய் உட்காருகிறேன்.